விரல் முனையிலிருந்து காலுறை: வட்ட ஊசியில் முதல் ஜோடியைப் பின்னும் முறை

கையால் பின்னும் காலுறையை இரண்டு திசைகளில் பின்னலாம். கணுக்காலுக்கு மேலுள்ள விளிம்பில் தொடங்கி விரல்களை நோக்கி இறங்குவது ஒரு முறை. விரல் முனையில் தொடங்கி மேலே ஏறுவது இன்னொரு முறை. துருக்கியிலும் பால்கன் நாடுகளிலும் தலைமுறை தலைமுறையாக இரண்டாவது முறையிலேயே காலுறை பின்னி வந்திருக்கிறார்கள். புதிதாகப் பின்னத் தொடங்குபவருக்கும் அதையே நான் பரிந்துரைப்பேன். பின்னிக்கொண்டிருக்கும்போதே ஊசியோடு சேர்த்துக் காலில் மாட்டிப் பார்க்கலாம் என்பதே முதன்மையான காரணம். அளவு சரியாக இருக்கிறதா, குதிகாலைத் தொடங்கும் இடம் வந்துவிட்டதா என்ற கேள்விகளுக்கெல்லாம் அட்டவணையைவிட உங்கள் காலே தெளிவாகப் பதில் சொல்லும். விரல் முனையைக் கடைசியில் தையல் ஊசியால் கோத்து இணைக்கும் நுணுக்கமான வேலை இதில் இல்லை என்பதும், கையிலுள்ள நூல் முடியும் வரை கால்பகுதியை உயர்த்திக்கொண்டே போகலாம் என்பதும் கூடுதல் வசதிகள்.

நிட், பர்ல் என்னும் இரண்டு அடிப்படைப் பின்னல்களும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. மஃப்ளரோ ஸ்வெட்டரின் ஒரு துண்டோ பின்னிய பழக்கம் இருந்தால் போதும். ஊசியில் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு வளையத்தையும் கண்ணி என்றும், வட்டமாகப் பின்னுவதைச் சுற்று என்றும், திரும்பித் திரும்பிப் பின்னுவதை வரிசை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

நூலும் ஊசியும்

காலுறை தேய்மானத்தைத் தாங்க வேண்டும், இழுத்தால் விரிந்து, விட்டால் சுருங்கவும் வேண்டும். 75 சதவீதம் கம்பளியும் 25 சதவீதம் நைலானும் கலந்த காலுறை நூல் பரவலாக விற்கப்படுவது இதனால்தான். கம்பளி மீள்தன்மையைத் தருகிறது. நைலான் குதிகாலும் விரல் முனையும் விரைவில் ஓட்டை விழாமல் காக்கிறது. இவ்வகை நூல் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 முதல் 420 மீட்டர் வரை நீளம் கொண்டிருக்கும். பெரியவர் ஒருவரின் ஒரு ஜோடிக்கு அது போதும். நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் எடுத்துத் தருவார்கள். பின்னல் பழகிப் பார்க்க அது உதவும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது என்பதால் அணிவதற்கான காலுறைக்கு உகந்ததன்று. வெறும் பருத்தி நூல் நீண்டு தளர்ந்துவிடும்; பருத்திதான் வேண்டும் என்றால் எலாஸ்டிக் இழை கலந்ததைத் தேடுங்கள். முதல் ஜோடிக்கு வெளிர் நிறத்தில் ஒற்றை நிற நூலை எடுப்பது நல்லது. கருப்பிலும் கருநீலத்திலும் கண்ணிகளைப் பிரித்துப் பார்ப்பதே கடினம்.

ஊசி 2.25 அல்லது 2.5 மி.மீ. தடிமனில் இருக்க வேண்டும். இரண்டு முனைகளையும் இணைக்கும் கேபிளோடு சேர்த்து மொத்த நீளம் குறைந்தது 80 செ.மீ. இருப்பது அவசியம், 100 செ.மீ. இருந்தால் கை இன்னும் தாராளமாக இயங்கும். நீளத்தைவிடவும் முக்கியமானது கேபிளின் மென்மை. சுருண்டு விறைத்து நிற்கும் கேபிள் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் உங்களோடு மல்லுக்கட்டும். விறைப்பான கேபிளைச் சில நொடிகள் வெந்நீரில் வைத்து நேராக இழுத்துப் பிடித்தால் ஓரளவு இளகும். உலோக ஊசியில் கண்ணிகள் வழுக்கி ஓடுவது போலத் தோன்றினால் மூங்கில் ஊசியைத் தேர்ந்தெடுங்கள். இவற்றோடு அளவு நாடா, மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, சுற்றின் தொடக்கத்தைக் காட்ட மாட்டிக் கழற்றக்கூடிய சிறு அடையாள வளையம் ஆகியவை போதும்.

கண்ணிகளின் எண்ணிக்கை

பாதத்தின் அகன்ற இடத்தில், அதாவது விரல்களின் அடிமூட்டைச் சுற்றி, நாடாவால் அளந்துகொள்ளுங்கள். காலுறை நழுவாமல் நிற்க அது காலைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைப்பது வழக்கம். 22 செ.மீ. சுற்றளவுள்ள பாதத்துக்குக் காலுறையின் சுற்றளவு ஏறத்தாழ 20 செ.மீ. ஆகிறது. உங்கள் பின்னலில் 10 செ.மீ. அகலத்துக்கு 32 கண்ணிகள் வந்தால் 20 செ.மீ.க்கு 64 கண்ணிகள் தேவை. எந்த எண் வந்தாலும் அதை நான்கால் வகுபடும் அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மேல்விளிம்பில் ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பின்னல்) பின்னும்போது அது கைகொடுக்கும். இனி வரும் கணக்குகள் அனைத்தும் 64 கண்ணிகளை அடிப்படையாகக் கொண்டவை.

தனியாக மாதிரித் துண்டு பின்னி அளவு பார்ப்பதை வழக்கமாக வலியுறுத்துவார்கள். காலுறையைப் பொறுத்தவரை அது தேவையில்லை என்பது என் கருத்து. விரல் முனைப் பகுதியே நல்ல மாதிரித் துண்டாக அமைகிறது. அளவு பிசகினால் பிரிக்க வேண்டியதும் அந்தச் சிறு பகுதி மட்டுமே.

விரல் முனையில் கண்ணி ஏற்றுதல்

இரண்டு ஊசிகளிலும் ஒரே நேரத்தில் கண்ணி ஏற்றி, நடுவில் தையல் தடமே தெரியாமல் தொடங்குவதற்குப் பல வழிகள் உண்டு. ஜூடி பெக்கர் 2006இல் நிட்டி என்ற இணைய இதழில் வெளியிட்ட முறையே இன்று பெரும்பாலானவர்கள் கையாள்வது. முதல் முறை கை தடுமாறும். ஆனால் இதில் ஏற்றிய கண்ணிகள் தளர்வதில்லை, பின்னால் இழுத்து இறுக்க வேண்டிய வேலையும் இல்லை என்பதால் பழகிக்கொள்வது வீண்போகாது.

ஊசியின் இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்து, கூர்முனைகள் இடப்பக்கம் பார்க்குமாறு வலக்கையில் பிடியுங்கள். நூலின் முனையிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. விட்டு, அந்த இடத்தை மேல் ஊசியின் மீது ஒரு வளையமாகப் போடுங்கள். நூலின் குட்டை வால் இரண்டு ஊசிகளுக்கும் நடுவே புகுந்து பின்பக்கம் போக வேண்டும். மேல் ஊசியில் உள்ள அந்த வளையமே முதல் கண்ணி. இப்போது குட்டை வால் இடக்கை ஆள்காட்டி விரல் மேலும், உருண்டையிலிருந்து வரும் நூல் கட்டைவிரல் மேலும் இருக்குமாறு இரண்டையும் விரித்துப் பிடியுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஆள்காட்டி விரலின் நூல் கீழ் ஊசிக்கு, கட்டைவிரலின் நூல் மேல் ஊசிக்கு. ஆள்காட்டி விரலின் நூலைக் கீழ் ஊசியின் அடியாகச் சுற்றி, இரண்டு ஊசிகளுக்கும் இடையே திரும்பக் கொண்டுவந்தால் கீழ் ஊசியில் ஒரு கண்ணி கிடைக்கும். அடுத்துக் கட்டைவிரலின் நூலை மேல் ஊசியின் மீதாகச் சுற்றி அதேபோல இடைவெளிக்குள் கொண்டுவந்தால் மேல் ஊசியில் இரண்டாவது கண்ணி உருவாகும். இப்படி மாறி மாறிச் சுற்றி, ஒவ்வொரு ஊசியிலும் 12 கண்ணிகள், ஆக மொத்தம் 24 கண்ணிகள் வரும்வரை தொடருங்கள். மேல் ஊசியில் தொடங்கியதால் கீழ் ஊசியில்தான் முடிப்பீர்கள். ஊசிகளுக்கு நடுவே பின்பக்கம் சிறு முகடுகள் வரிசையாகத் தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். அந்தப் பக்கம் காலுறையின் உட்பக்கமாக அமையும்.

கேபிளை வளையமாக்கிப் பின்னுதல்

இனிச் செய்யப்போவதைப் பின்னுபவர்கள் மேஜிக் லூப் என்பார்கள். அமெரிக்கரான சாரா ஹவுஷ்கா உருவாக்கிய முறை இது. நீளமான ஒரே வட்ட ஊசியில் கண்ணிகளை இரண்டு பாதிகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, பாதிகளுக்கு நடுவே கேபிளை வெளியே இழுத்து வளையமாக விட்டுவிடுவதுதான் இதன் சாரம்.

முகடுகள் பின்பக்கமே இருக்க, கூர்முனைகள் வலப்பக்கம் பார்க்குமாறு ஊசிகளை அப்படியே அரைவட்டம் சுழற்றுங்கள். கீழே இருந்த ஊசி இப்போது மேலே வந்திருக்கும். இப்போது கீழே உள்ள ஊசியை வலப்பக்கமாக இழுத்து, அதிலுள்ள கண்ணிகள் கேபிளின் மேல் அமருமாறு விடுங்கள். வெளியே வந்த அந்த முனைதான் நீங்கள் பின்னப்போகும் ஊசி. குட்டை வால் உருண்டை நூலுக்கும் ஊசிக்கும் நடுவே சிக்கி நிற்குமாறு பிடித்துக்கொண்டு மேலுள்ள 12 கண்ணிகளையும் நிட் பின்னுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் முதல் கண்ணி அவிழ்ந்துவிடும். பிறகு பின்னலைத் திருப்பி, கேபிளில் காத்திருக்கும் கண்ணிகளை ஊசி முனைக்கு நகர்த்தி, மற்ற ஊசியை வெளியே இழுத்து, அந்த 12 கண்ணிகளையும் பின்னுங்கள். இந்த இரண்டாம் பாதியில் கண்ணிகள் முறுக்கிக்கொண்டு அமர்ந்திருக்கக் கண்டால், இந்த முதல் சுற்றில் மட்டும் அவற்றைப் பின்கால் வழியாகப் பின்னி நேராக்குங்கள் (கண்ணியில் ஊசிக்கு முன்புறம் இருக்கும் பாதி முன்கால், பின்புறம் இருக்கும் பாதி பின்கால்). ஒரு சுற்று முடிந்தது. தொடக்கத்தில் அடையாள வளையத்தை மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பாதிகளில் முதல் பாதி உள்ளங்கால், இரண்டாம் பாதி மேல்பாதம் என்று இப்போதே தீர்மானித்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது.

இரண்டு பாதிகளும் சந்திக்கும் இடங்களில் ஏணிப்படி போல இழைகள் தளர்ந்து தெரிவது தொடக்கத்தில் எல்லோருக்கும் நேர்வது. அதைத் தவிர்க்க, ஒவ்வொரு பாதியிலும் முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னிவிட்டு, இரண்டாவது கண்ணியைப் பின்னும்போது நூலை நன்றாக இழுத்து இறுக்குங்கள்.

விரல் பகுதியை அகலப்படுத்துதல்

இப்போது ஒரு சுற்றில் நான்கு கண்ணிகள் வீதம் கூட்ட வேண்டும். கூட்டும் சுற்றில், ஒவ்வொரு பாதியிலும் ஒரு கண்ணியைப் பின்னி, ஒன்று கூட்டி, கடைசிக் கண்ணிக்கு முன்வரை பின்னி, மறுபடி ஒன்று கூட்டி, கடைசிக் கண்ணியைப் பின்னுங்கள். அடுத்த சுற்றை எதையும் கூட்டாமல் பின்னுங்கள். இந்த இரண்டு சுற்றுகளையும் மாற்றி மாற்றிப் பத்து முறை செய்தால் 24 கண்ணிகள் 64 ஆகிவிடும், ஒவ்வொரு பாதிக்கும் 32.

இரண்டு கண்ணிகளுக்கு நடுவே படுத்திருக்கும் குறுக்கு இழையைத் தூக்கிப் பின்னுவதே ஓட்டை விழாமல் கண்ணி கூட்டும் வழி. பாதியின் தொடக்கத்தில் அந்த இழையை இட ஊசியால் பின்னிருந்து முன்னாகத் தூக்கி அதன் முன்கால் வழியாக நிட் பின்னுங்கள். பாதியின் முடிவில் முன்னிருந்து பின்னாகத் தூக்கிப் பின்கால் வழியாக நிட் பின்னுங்கள். முதலாவது வலமும் இரண்டாவது இடமும் சாய்வதால் விரல் முனை இருபக்கமும் சீராக விரியும். எந்தக் காலைப் பின்னுவது என்ற ஐயம் எழுந்தால், இழை முறுக்கிக்கொண்டு இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் சரி, துளை தெரிந்தால் தவறான காலைப் பின்னியிருக்கிறீர்கள்.

64 கண்ணிகள் வந்ததும் மேலும் ஏழெட்டுச் சுற்றுகள் பின்னி, காலுறையை மேசையில் தட்டையாக வைத்து அகலத்தை அளவெடுங்கள். 10 செ.மீ. இருந்தால் சுற்றளவு 20 செ.மீ. என்று பொருள். பிறகு கேபிளைத் தாராளமாக இழுத்துவிட்டுக் காலில் மாட்டிப் பாருங்கள். விரல்களை இறுக்காமல் ஒட்டி நிற்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் நான்கு கண்ணிகளைக் குறைத்து மீண்டும் பின்னுவதில் தயக்கம் வேண்டாம். இந்த இடத்தில் பிரிப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை. குதிகாலுக்குப் பிறகு பிரிப்பது மிகவும் வருத்தம் தரும்.

பாதம்

இங்கே புதிதாகக் கற்க எதுவுமில்லை. சுற்றுச் சுற்றாக நிட் மட்டும் பின்னிக்கொண்டு போக வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதே கேள்வி. கீழே விவரிக்கும் குதிகால் ஏறத்தாழ 5 செ.மீ. நீளத்தை எடுத்துக்கொள்ளும். காலுறை பாதத்தைவிட ஒரு செ.மீ. குறைவாக இருப்பது நல்லது என்பதால், 24 செ.மீ. நீளமுள்ள பாதத்துக்குப் பின்னல் 18 செ.மீ. எட்டியதும் குதிகாலைத் தொடங்கலாம். நாடாவை நம்புவதைவிடக் காலில் மாட்டி நின்று பாருங்கள். கணுக்காலின் முன்பக்க மடிப்புக்கு நேராக ஊசி வந்து நின்றால் அதுவே சரியான இடம்.

குதிகால்

பலர் காலுறையையே தொடாமல் விலகுவது இந்தப் பகுதிக்கு அஞ்சித்தான். அஞ்ச வேண்டியதில்லை, உள்ளங்காலின் 32 கண்ணிகளில் முன்னும் பின்னுமாகச் செல்லும் குறுவரிசைகள், அதாவது கடைசிவரை போகாமல் இடையிலேயே திரும்பும் வரிசைகள்தான் இவை. மேல்பாதத்தின் 32 கண்ணிகளும் கேபிளில் ஓய்வெடுக்கட்டும். இங்கே நான் விளக்குவது ஜெர்மன் குறுவரிசை என்று அழைக்கப்படும் முறை. வேறு முறைகளில் செய்வது போலத் திரும்பும் இடத்தில் கண்ணியைச் சுற்றிக் கட்டி, பிறகு அந்தக் கட்டைத் தேடி எடுக்க வேண்டியதில்லை என்பதால் புதியவருக்கு இதுவே எளிது.

முதல் வரிசையில் 32 கண்ணிகளையும் நிட் பின்னிப் பின்னலைத் திருப்புங்கள். இப்போது நூலை முன்பக்கம் வைத்துக்கொண்டு, முதல் கண்ணியைப் பின்னாமல் வல ஊசிக்கு மாற்றி, நூலை ஊசியின் மேலாகப் பின்பக்கம் இறுக்கி இழுங்கள். அந்தக் கண்ணி ஊசியின் மேல் ஏறித் திரும்பி, இரண்டு கால்கள் கொண்டது போலத் தெரியும். இதை இரட்டைக் கண்ணி என்போம். நூலை மறுபடி முன்னால் கொண்டுவந்து மீதமுள்ள 31 கண்ணிகளையும் பர்ல் பின்னித் திருப்புங்கள். மூன்றாம் வரிசையிலும் முதல் கண்ணியை அதேபோல இரட்டைக் கண்ணியாக்கி, எதிர்முனையிலுள்ள இரட்டைக் கண்ணி வரை நிட் பின்னி, அதைத் தொடாமல் திருப்புங்கள். நான்காம் வரிசையில் இரட்டைக் கண்ணியாக்கி, எதிர்முனை இரட்டைக் கண்ணி வரை பர்ல் பின்னித் திருப்புங்கள். இப்படி ஒவ்வொரு வரிசையும் ஒரு கண்ணி குறைந்துகொண்டே வரும். இருபக்கமும் பத்துப் பத்து இரட்டைக் கண்ணிகளும் நடுவில் 12 சாதாரணக் கண்ணிகளும் இருக்கும் நிலையில், நிட் பக்கம் உங்களைப் பார்க்கும்போது முதல் பாதி முடிகிறது. வேறு எண்ணிக்கையில் பின்னுபவர்கள் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை விட்டால் போதும்.

இப்போது திருப்பாமல் நடுவிலுள்ள 12 கண்ணிகளைப் பின்னி, தொடர்ந்து இடப்பக்கத்தின் பத்து இரட்டைக் கண்ணிகளையும் ஒவ்வொன்றின் இரண்டு கால்களையும் சேர்த்து ஒரே கண்ணியாகப் பின்னி, மேல்பாதத்தின் 32 கண்ணிகளையும் பின்னுங்கள். அடுத்த சுற்றில் வலப்பக்கத்து இரட்டைக் கண்ணிகளையும் அவ்வாறே ஒன்றாகப் பின்னி முழுச்சுற்றையும் முடியுங்கள். இடையில் வரும் இந்தச் சுற்றுகள் குதிகாலுக்குச் சற்று இடம் கொடுக்கின்றன, மூலைகளில் விழும் துளைகளையும் குறைக்கின்றன. கண்ணிகளை எண்ணிப் பாருங்கள். 64 இருக்க வேண்டும். 65 அல்லது 66 வந்தால் எங்கோ ஓர் இரட்டைக் கண்ணியின் கால்களைத் தனித்தனியாகப் பின்னியிருக்கிறீர்கள்.

இரண்டாம் பாதி நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும். குதிகாலில் 22 கண்ணிகளை நிட் பின்னித் திருப்புங்கள். முதல் கண்ணியை இரட்டைக் கண்ணியாக்கி, மேலும் 11 கண்ணிகளை பர்ல் பின்னித் திருப்புங்கள். இனி ஒவ்வொரு வரிசையிலும் முதலில் இரட்டைக் கண்ணி ஆக்குவது, எதிர்முனை இரட்டைக் கண்ணி வரை பின்னுவது, அதை ஒன்றாகப் பின்னுவது, அதற்கடுத்த ஒரு கண்ணியையும் பின்னித் திருப்புவது என்று தொடருங்கள். இருபக்க ஓரக் கண்ணிகளையும் எட்டிய பிறகு, நிட் பக்கம் திரும்பியவுடன் வழக்கம்போல வட்டமாகப் பின்னத் தொடங்கி, எஞ்சிய இரட்டைக் கண்ணிகளை வழியில் ஒன்றாகப் பின்னிவிடுங்கள். குதிகாலும் மேல்பாதமும் சந்திக்கும் மூலையில் துளை தெரிந்தால், அங்குள்ள குறுக்கு இழையைத் தூக்கிப் பக்கத்துக் கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் அது மூடிக்கொள்ளும்.

கால்பகுதியும் மேல்விளிம்பும்

காலில் மாட்டிக் குதிகால் பொருந்துவதைப் பார்த்துக்கொண்டு மேலே ஏறுங்கள். எவ்வளவு உயரம் என்பது உங்கள் விருப்பம். நூல் முழுவதையும் பயன்படுத்த எண்ணினால், தொடங்கும் முன்பே தராசில் வைத்து 100 கிராமை ஐம்பது ஐம்பதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓர் உருண்டை தீரும் தறுவாயில் ஒரு காலுறை முடியும், இரண்டும் ஒரே உயரத்தில் அமையும். கடைசி 4 அல்லது 5 செ.மீ. உயரத்துக்கு இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று ரிப் பின்னுங்கள். காலுறை நழுவாமல் பிடித்து நிற்பது அதனால்தான்.

இறுதியாகக் கண்ணிகளை மூடும்போது கைக்கு வரும் சாதாரண முறையைக் கையாளாதீர்கள். அந்த விளிம்பு நீளாது, குதிகாலைத் தாண்டி உள்ளே நுழையாது. இரண்டு கண்ணிகளை நிட் பின்னுங்கள். அந்த இரண்டின் முன்பக்கமாக இட ஊசியை நுழைத்து இரண்டையும் சேர்த்து ஒன்றாக நிட் பின்னுங்கள். இன்னொரு கண்ணியைப் பின்னி மறுபடி இரண்டையும் சேர்த்துப் பின்னுங்கள். கை இறுக்கமானவர்கள் இதற்கு மட்டும் ஓரிரு அளவு பெரிய ஊசியை எடுக்கலாம். இதைவிட அதிகமாக விரியும் விளிம்பு வேண்டுமென்றால், ஜெனி ஸ்டேமன் 2009இல் வெளியிட்ட முறை உண்டு. அதில் ஒவ்வொரு கண்ணியையும் பின்னும் முன் ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, பின்னிய பின் அந்தச் சுற்றை அக்கண்ணியின் மேலாகத் தூக்கிக் கழற்றுவார்கள். நிட் கண்ணிக்குப் பின்னிருந்து முன்னாகவும் பர்ல் கண்ணிக்கு முன்னிருந்து பின்னாகவும் சுற்ற வேண்டும். பிறகு வல ஊசியில் இரண்டு கண்ணிகள் சேரும்போதெல்லாம் முதலாவதை இரண்டாவதன் மேலாகக் கழற்றிவிட வேண்டும். நூல் கூடுதலாகச் செலவாகும் என்பதால் மூன்று மீட்டராவது மீதம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நூல் முனைகளைத் தையல் ஊசியால் உட்பக்கத்தில் பல கண்ணிகளின் ஊடே ஓட்டி வெட்டுங்கள். இளஞ்சூடான நீரில் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாக உலர்த்தினால் ஏறுமாறாக இருந்த கண்ணிகளும் சமன்படும். இயந்திரத்தில் துவைக்கலாமா என்பதை நூலின் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பர்வாஷ் என்று குறிப்பிடாத கம்பளி சூட்டிலும் உரசலிலும் சுருங்கிக் கட்டிப்படும்.

இரண்டாவது காலுறைக்கு நூலை எடுக்கும் முன் முதலாவதைப் பார்த்து, விரல் பகுதிக்குப் பின் குதிகால் வரை எத்தனை சுற்றுகள், குதிகாலுக்குப் பின் ரிப் வரை எத்தனை, ரிப் எத்தனை என்று எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதே எண்ணிக்கையில் பின்னுங்கள், செ.மீ. கணக்கில் அளந்து பின்னினால், கை சற்று இறுகியோ தளர்ந்தோ போகும்போது இரண்டும் வேறுபட்டுவிடும்.